தவழும் கண்ணன் போன வழி

"அக்கா, ஒரு கேள்வி கேட்டா கோபப்படக் கூடாது, கேட்டோ. உங்க எடை என்ன?"

சரிவுப் பாதையின் அடியில் சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு, இனி ஏற வேண்டிய தூரத்தை அண்ணாந்து பார்த்தபடி உதவியாளன் பிரஜின் கேட்டான்.

"ஆஸ்பத்திரியிலே குறிச்சு வச்சிருக்காங்க. போய்ப் பார்த்துக்கோ. இப்போ தள்ளு" என்றாள் சுசீலாபாய்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த பிறகு அவள் ஏற்றுக்கொண்ட முதல் வழக்கு இது. சமதளத்தில் ஊன்றுகோலோடு கொஞ்சம் நடப்பாள். ஏற்றம் கூடாது. ஆரியசாலையில் வெல்ல மொத்தக் கடைக்கு மேலே இருந்த அவளுடைய அலுவலகத்துக்குப் போகவே மாடிப்படி ஏற வேண்டும் என்பதால், கொஞ்ச நாளாகத் துப்பறியும் வேலை கடை வாசல் ஸ்டூலில் நடந்துகொண்டிருந்தது.

அந்த ஸ்டூலுக்குத்தான் நேற்று மாலை கலைச்செல்வி அழுதுகொண்டு வந்தாள். நகரத்தின் நடுவில் ஓர் அறக்கட்டளை நடத்தும் கலை அருங்காட்சியகத்தில் அவளுக்கு வேலை. நடக்க முடியாத பார்வையாளர்களை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சுற்றிக் காட்ட வேண்டும். நவராத்திரிக்காக அங்கே பழைய பொம்மைகளின் கொலுக் கண்காட்சி நடக்கிறது. அதில் ஒரு பொம்மை காணாமல் போய்விட்டது. கண்காணிப்புக் கேமராவின் படத்தை வைத்து, எடுத்தது அவள்தான் என்கிறார்கள். இன்று மூடும் நேரத்துக்குள் பொம்மை கிடைக்காவிட்டால் போலீசில் புகார் போகும். புகார் போனால் வேலையும் போகும், ஊரில் பேரும் போகும்.

"வேலை போனா வேற பாத்துக்கிடலாம் அக்கா. போலீசு வீட்டு வாசல்ல வந்து நின்னா, எனக்க மாமியார் அதுக்கு மேல என்னெ உள்ள ஏத்தமாட்டாவ" என்று அவள் சொன்னது சுசீலாபாயின் காதிலேயே இருந்தது.

சற்று முன் வாசலில் சுசீலாபாயை அருங்காட்சியகத்து நாற்காலியில் உட்காரவைத்தபோது, நுழைவுச்சீட்டுக் கவுண்டரில் இருந்த பெண் அவளைத் தாண்டி பிரஜினைப் பார்த்துக் கேட்டிருந்தாள்: "அவங்களுக்குத் தண்ணி வேணுமா? டாய்லெட் போகணும்னா வலது பக்கம்."

"அவங்க பேசுவாங்க. நிறுத்தத்தான் கஷ்டம்" என்றான் பிரஜின்.

குறை சொல்ல முடியாத கட்டடம். அகலமான கதவுகள், லிஃப்ட், உட்கார்ந்த நிலையில் முகம் தெரியும் கண்ணாடிகள். கூடத்தின் இடப்பக்கம் கொலுப் படிகள் உயர்ந்து போக, அவற்றை ஒட்டி சரிவுப் பாதையும் கூடவே உயர்ந்தது. நாற்காலியில் வருபவர் ஒவ்வொரு படியையும் தன் கண்மட்டத்தில் பார்க்கலாம். பாதையின் வலப்பக்கச் சுவரில் தாழ்வாக ஒரு பலகை. பார்வையில்லாதவர்கள் தொட்டுப் பார்ப்பதற்கென்று அதில் சில பொம்மைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் பிரெய்ல் எழுத்தில் ஒரு தகடு.

பாதி ஏற்றத்தில், ஒரு தகட்டின் முன்னால் மட்டும் பொம்மை இல்லை.

இயக்குநர் ஷிஜா அங்கே காத்திருந்தாள். கொல்லத்துக்காரி. தமிழை மலையாளத்தில் தோய்த்துப் பேசுவாள். "இவிடெ தான் இருந்நது. தவழுற கண்ணன். மண்ணுதான். கோட்டைக்குள்ள அக்கிரகாரத்திலிருந்து சுந்தரராமன் சார் தந்நது. அவரோட முப்பாட்டன் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்ததாம். சார் இப்போ எனக்க ரூமில் இருக்கார். ரொம்ப தேஷ்யத்திலாணு, கத்திக்கிட்டே இருக்கார்."

"பக்கத்திலே இருக்கிறது வெள்ளி லக்ஷ்மிதானே?"

"அதெ."

"திருடன் அதைத் தொடவே இல்லை."

"அதான் எனக்கும் மனசிலாகல்ல."

சுசீலாபாய் குனிந்து தகட்டைப் பார்த்தாள். தகட்டுக்கும் பலகைக்கும் இடையிலிருந்த இடுக்கில் எறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன.

ஷிஜா வெட்கத்தோடு சொன்னாள்: "நேத்து பார்வையில்லாத ஒரு புரொபஸர் வந்நார். விரலை வச்சிட்டு, 'மேடம், எழுத்து நடக்குது'ன்னு சொன்னார். நோக்கியப்போ எறும்பு. பக்கத்தில் பொம்மையும் இல்ல. ஸ்டாஃப் யாரோ இங்க வச்சு எதையோ தின்னிருக்காங்க."

"புரொபஸருக்குக் கதை விறுவிறுன்னு போயிருக்கும்" என்றான் பிரஜின்.

சுசீலாபாய் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி இடுக்கைக் கிளறினாள். பளிச்சென்று ஒரு துண்டு வெளியே வந்தது. கற்கண்டு.

"யாரும் தின்னலே. படைச்சிருக்காங்க" என்றாள்.

"அப்போ திருடன் பக்திமானா?"

"வெள்ளியை விட்டுட்டு மண்ணை எடுத்திருக்கான். குழந்தையைத் தூக்கின இடத்துலே இனிப்பு வச்சிருக்கான். உங்க தெருவிலே கொலு வைக்கிற வீட்டுலே இப்படி ஏதும் நடந்ததில்லையா பிரஜின்?"

அவன் முகம் மாறியது. "ஐயோ, ஆமாக்கா. கீழத்தெரு செட்டியாரம்மா வீட்டுக் கண்ணன் ஒரு வருஷம் காணாமப் போச்சு. அந்தம்மா தேடவே இல்லை, சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு புதுப் பெயின்ட் அடிச்சுத் திரும்பி வந்துது. கூடவே எதிர்வீட்டு அக்கா, இடுப்பிலே பிள்ளையோட."

ஷிஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிள்ளை இல்லாதவங்களுக்காக அடுத்த வீட்டுக் கொலுவிலேருந்து கண்ணனைத் தெரியாம எடுக்கிறது ஒரு நம்பிக்கை மேடம்" என்றாள் சுசீலாபாய். "கேட்டு வாங்கினா பலிக்காது. வெளியே சொன்னாலும் பலிக்காது. பிள்ளை பிறந்த பிறகு திருப்பிக் கொண்டு வச்சிடணும். கொலு வைக்கிறவங்களுக்கு இது தெரியும். கண்டும் காணாம விட்டுடுவாங்க."

"எங்கிட்ட யாரும் பறஞ்ஞில்ல" என்றாள் ஷிஜா. பிறகு மெதுவாக, "கலைக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷமாச்சு. குழந்தை இல்ல" என்றாள்.

காப்பாற்றுகிறேன் என்று சொல்லி வந்த சுசீலாபாய், இதுவரை இல்லாத ஒரு காரணத்தைத் தேடியெடுத்து இயக்குநரின் கையில் கொடுத்துவிட்டாள். ஒரு பெண் ஒரு மண் பொம்மையை ஏன் எடுக்க வேண்டும் என்று நேற்றுவரை யாருக்கும் தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம் அக்கா" என்றான் பிரஜின் காதோரம்.

"தெரியுதுடா. தள்ளு."

ஊழியர் அறையில் கலைச்செல்வி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பை. அதை இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். உச்சிவேளை கடந்தும் சாப்பிட்டிருக்கவில்லை.

"கலை, எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லு. நீ எடுத்தியா?"

"நான் எடுக்கல்ல அக்கா. எனக்க தாலியாணை எடுக்கல்ல."

"எங்கே இருக்குன்னு தெரியுமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்தது. "அதெ மட்டும் கேக்காதீங்க."

வெளியே வந்ததும் பிரஜின், "சரி, முடிஞ்சுது. ஆரியசாலைக்கு ஒரு ஆட்டோ பிடிக்கவா?" என்றான்.

"முதல் கேள்விக்கு சத்தியம் பண்ணினா. ரெண்டாவதுக்குப் பண்ணலே. பொய் சொல்றவளா இருந்தா ரெண்டுக்கும் பண்ணியிருப்பா. மறுபடியும் அந்தப் பலகைக்குப் போ."

கண்ணன் இருந்த இடத்துக்கு நேரே நாற்காலி வந்தபோது பிரஜினின் கைபேசி ஒலித்தது. அவன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான்.

நாற்காலி பின்னோக்கிப் புறப்பட்டது. வெள்ளி லக்ஷ்மி, மரப்பாச்சி, செட்டியார் பொம்மை எல்லாம் எதிர்த்திசையில் ஓட, சுசீலாபாய் பெரிய சத்தம் எதுவும் போடாமல் கீழ்வரை வந்து, வாசலில் கைகூப்பி நின்ற வரவேற்புப் பதுமையின் மேல் மோதி நின்றாள்.

"அக்கா! உயிரோட இருக்கீங்களா?"

"பிரேக் போடலையா நீ?"

"போட்டேனே! சத்தியமா போட்டேன்!"

ஷிஜா ஓடி வந்தாள். "ஸாரி, ஸாரி. இந்தச் சரிவில் எங்க நாற்காலி ஒண்ணிலும் பிரேக் நிக்காது. டயர் தேஞ்ஞு போச்சு, பூஜை கழிஞ்சு மாத்துவோம். அதுவரைக்கும் சரிவில் நிக்கும்போ ரெண்டு கையும் எடுக்கக் கூடாதுன்னு ஸ்டாஃபிடம் பறஞ்ஞிருக்கு."

பதுமையின் உடைந்த விரல் சுசீலாபாயின் மடியில் கிடந்தது. அவள் அதை எடுத்து ஷிஜாவிடம் கொடுத்தாள். அவள் முகத்தில் வலி தெரியவில்லை. வேறு ஏதோ தெரிந்தது.

"மேடம், நேத்தைய கேமரா படத்தை எனக்கும் ஒரு தரம் காட்டுங்க."

பாதையின் அடியிலிருந்து எடுத்த படம். கலைச்செல்வியின் முதுகு. அவளுக்கு முன்னால் நாற்காலி மறைந்திருந்தது. கண்ணன் இருந்த இடத்துக்கு நேரே அவள் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மேலே போனாள். அவளுக்குப் பிறகு அங்கே வந்து நின்றது அந்தப் புரொபஸர்தான். எல்லோரும் பார்த்த படம், எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்த படம்.

"முதுகைப் பார்க்காதீங்க. முழங்கையைப் பாருங்க" என்றாள் சுசீலாபாய்.

முழங்கைகள் இரண்டும் பக்கவாட்டில் விறைத்துத் துருத்திக்கொண்டிருந்தன. நின்ற நேரம் முழுக்க அவை அசையவே இல்லை.

"ஒரு கையை எடுத்திருந்தா நாற்காலி திரும்பியிருக்கும். ரெண்டையும் எடுத்திருந்தா என்னை மாதிரி கீழே வந்திருக்கும். அவளுக்குக் கை ஒழியலே. கை ஒழிஞ்சிருந்தது உட்கார்ந்திருந்தவங்களுக்குத்தான். இந்தப் பலகையும் உட்கார்ந்தவங்க கைக்கு எட்டுற மாதிரிதானே வச்சிருக்கீங்க?"

ஷிஜா வாயைப் பொத்திக்கொண்டாள். "அது... சுந்தரராமன் சாரோட மிஸஸ். சீதாலக்ஷ்மி மாமி."

"அவங்களை யாராவது விசாரிச்சீங்களா?"

"இல்ல. பொம்மை அவங்களோடதல்லே?"

"அதுமட்டும் இல்லை. நாற்காலியிலே இருக்கிறவங்களை யாரும் பார்க்கிறதே இல்லை மேடம். உங்க கவுண்டர்லே என்னைப் பத்தி இவன்கிட்ட கேட்டாங்க."

முற்றத்து வேப்பமர நிழலில் சீதாலக்ஷ்மி தனியாக இருந்தாள். கணவர் நாற்காலியை அங்கே நிறுத்திவிட்டு இயக்குநர் அறைக்குப் போயிருந்தார். அரக்கு நிறப் பட்டுப்புடவை, முழங்கால்மேல் மடித்த கைக்குட்டை. பிரஜின் சுசீலாபாயின் நாற்காலியை அதன் பக்கத்தில் கொண்டு நிறுத்தினான்.

"போய் டீ குடி."

"யாருக்கு வாங்கணும்?"

"உனக்குத்தான். மெதுவா குடி."

அவன் போன பிறகு சுசீலாபாய், "மாமி, நேத்து நடந்ததைப் பத்தி உங்ககிட்ட யாரும் கேக்கலே, இல்லையா?" என்றாள்.

"எங்கிட்ட யார் கேக்கறா? தாகமா இருக்கான்னுகூட, தள்றவாளைத்தான் கேக்கறா."

"நான் கேக்கறேன். கற்கண்டு வச்சது நீங்கதானே?"

சீதாலக்ஷ்மி கைக்குட்டையைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். மறுக்கவில்லை.

"வெறுங்கையோட குழந்தையைத் தூக்கப்படாதோல்லியோ" என்றாள்.

"உங்க பொம்மையை நீங்களே திருடினா எப்படி மாமி பலிக்கும்?"

"எங்காத்துலே இருந்த வரைக்கும் எங்க பொம்மை. இங்கே கொண்டு வந்து கொடுத்தாச்சு, இவா படியிலே ஏத்தியாச்சு. அப்பறம் அது இவா கொலுதானே? அதுக்குன்னே நான்தான் இவரைப் பிடுங்கி எடுத்து, இந்தக் கண்ணனையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன். எங்காத்துப் பொம்மை, கேட்பார் யாருன்னு நினைச்சேன். இவருக்கே பொருட்டா இருக்காதுன்னு நினைச்சேன். போலீஸ்னு குதிப்பார்னு கனவா கண்டேன்?"

"மருமகளுக்காகவா?"

"அவளுக்கா? ரெண்டு இருக்கே, அமெரிக்காவிலே." சீதாலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள். "கலைக்கு."

சுசீலாபாய் எதிர்பார்க்காத பதில்.

"இவர் பொம்மை அடுக்க வந்த நாள்லேர்ந்து அவதான் என்னைத் தள்ளிண்டு திரியறா. என்னைப் பார்த்துப் பேசுவா. முன்னாடி வந்து குந்தி உட்கார்ந்துண்டு, மூஞ்சியைப் பார்த்து. அவ மாமியார் பேசற பேச்செல்லாம் சொல்லியிருக்கா. சிரிச்சுண்டேதான் சொல்லுவா. கேக்க முடியாது."

"பொம்மையை என்ன பண்ணினீங்க?"

"லிஃப்டுக்குப் போறச்சே சாப்பாட்டுப் பையை என் மடியிலே வச்சா. தள்றதுக்கு ரெண்டு கை வேணுமே. அதுக்குள்ளே போட்டுட்டேன், கற்கண்டோட. ஆத்துக்குப் போய்ப் பார்த்துச் சந்தோஷப்படுவா, புரிஞ்சுப்பான்னு."

திருட்டுப் பொருளைத் தானே சுமந்துகொண்டு கலைச்செல்வி வாசலைத் தாண்டிப் போயிருக்கிறாள். வழியில் எங்கோ பையைத் திறந்திருக்கிறாள். அதற்குள் இங்கே எல்லோரும் அவளைத் திருடி என்று முடிவு கட்டியிருந்தார்கள். அதன் பிறகு எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? ஊழியர் அறையில் அவள் அணைத்திருந்த பை சுசீலாபாயின் நினைவுக்கு வந்தது.

"நேத்தே சொல்லியிருக்கலாமே மாமி."

"வாயைத் திறந்தேன். இவர் கத்தற சத்தத்துலே நின்னுபோச்சு. அப்பறம், வெளியே சொன்னா பலிக்காதே, அவளுக்குன்னா நஷ்டம்னு தோணித்து. சமாதானம் பண்ணிக்கறதுக்கு அது நன்னா இருந்தது. அவ வேலை போயிடுமேன்னும் நினைச்சேன். நினைச்சுண்டே ராத்திரி பலகாரம் சாப்பிட்டேன். தூங்கினேன். கார்த்தாலே எழுந்து இதே புடவையை எடுத்துக் கட்டிண்டு வந்து உட்கார்ந்திருக்கேன்." "என்னை மாதிரி ஒருத்தியை நீங்க பார்த்திருக்கேளா?"

'நிறைய' என்று சொல்ல நினைத்து சுசீலாபாய் சொல்லாமல் விட்டாள்.

பிரஜின் தேநீர்க் கோப்பையோடு பாதி ஓட்டமாக வந்தான். சட்டையெல்லாம் தேநீர். "அக்கா, கலை நேரா டைரக்டர் ரூமுக்குப் போயிட்டாங்க. பையிலேருந்து பொம்மையை எடுத்துக் கையிலே வச்சுக்கிட்டு!"

"என்னை விடு. மாமியைத் தள்ளு" என்று சுசீலாபாய் ஊன்றுகோலை எடுத்தாள்.

அறை வாசலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, மேசைமேல் மஞ்சள் துணி விரித்து அதில் தவழும் கண்ணனை வைத்திருந்தாள் கலைச்செல்வி. உள்ளங்கை அளவு. நீலம் உதிர்ந்து மண் தெரிந்தது. சுந்தரராமன் எழுந்து நின்றிருந்தார்.

"நான்தான் எடுத்தேன். எனக்காகத்தான் எடுத்தேன்" என்று கலைச்செல்வி சொல்லிக்கொண்டிருந்தாள். "போலீசு மட்டும் வேண்டாம் சார்."

"பார்த்தேளா, நான் சொன்னேனோல்லியோ!" என்று சுந்தரராமன் ஷிஜாவின் பக்கம் திரும்பினார்.

"அவ எடுக்கலே" என்றாள் சீதாலக்ஷ்மி. கதவருகில் பிரஜினின் கையைத் தட்டிவிட்டுத் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். "நான் எடுத்தேன். அவளுக்குன்னு எடுத்தேன். அவ பையிலே அவளுக்குத் தெரியாம போட்டேன்."

சுந்தரராமன் மனைவியைப் பார்த்தார். அவரிடம் இருந்த கோபமெல்லாம் போக இடமில்லாமல் முகத்திலேயே நின்றது. "பைத்தியமா நீ? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கொடுத்திருக்க மாட்டேனா?"

"கேட்டு வாங்கினா திருட்டு ஆகுமா?"

ஷிஜா தொண்டையைச் செருமினாள். "டெக்னிக்கலா பார்த்தா... சார் கொடுத்த பிறகு இது மியூசியத்தோட பொறுப்பு. அதனால மாமி எடுத்தது திருட்டுதான்."

"கேட்டியா, அவாளே சொல்லிட்டா" என்றாள் சீதாலக்ஷ்மி. ஒரு கணம் அவள் முகத்தில் ஏதோ ஒரு திருப்தி வந்தது. கலைச்செல்வியைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"மாமி போட்டதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று சுசீலாபாய் கேட்டாள்.

"கற்கண்டெப் பாத்ததும் தெரிஞ்சுது அக்கா." கலைச்செல்வி பொம்மையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்தே கொண்டு வந்து குடுத்திருக்கணும். உங்ககிட்ட வந்து அழுதப்பவே பையிலதான் இருந்துது. ஒரு ராத்திரி மட்டும் வீட்டுல இருக்கட்டும்னு ஆசைப்பட்டுட்டேன். அது எனக்க தப்புதான்."

சுந்தரராமன் மேசையைச் சுற்றி வந்து பொம்மையை எடுத்தார். அதை அவளிடம் நீட்டினார். "எடுத்துக்கோம்மா. நான் மனசாரத் தரேன். புகார் கிகார் எதுவும் கிடையாது."

கலைச்செல்வி வாங்கினாள். துணியில் சுற்றவில்லை. வெளியே நடந்தாள். சரிவில் ஏறிப் பலகையில், எறும்புகள் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்த இடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, கண்ணனை அதன் தகட்டுக்குப் பின்னால் வைத்தாள். முகம் பார்வையாளர் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தாள். எல்லோரும் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் இறங்கி வந்ததும் ஷிஜா, "கலை, ஸாரி. ஞான் உன்கிட்ட ஒழுங்கா கேட்டிருக்கணும். நாளைக்கு வரணும், கேட்டோ" என்றாள்.

"வாறேன் மேடம்." கலைச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் தெளிவாக இருந்தது. "ஒரே ஒரு காரியம். இந்த அம்மையெ மட்டும் வேற யாராவது தள்ளட்டும்."

"கலை, அவா நல்லதுக்குத்தானே..." என்று சுந்தரராமன் ஆரம்பித்தார்.

"தெரியும் சார். எனக்கு ஒரு தேஷ்யமும் இல்ல. எனக்குன்னு யாரும் இப்படி ஒண்ணு செஞ்சதே இல்ல. ஆனா நேத்து இந்த இடத்துல வச்சு எல்லாரும் என்னெ நிக்கவச்சுக் கேக்கும்போ அவிய இருந்தாவ. நான் அவியளெத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

சுந்தரராமன் மனைவியின் தோளில் கை வைத்தார். சீதாலக்ஷ்மி அந்தக் கையை மெல்ல எடுத்து அப்பால் விட்டாள்.

"அவ சொல்றதுதான் சரி" என்றாள்.